மாரிக்குப் பிறகு: முற்றத்து வாங்கிலும் கதிரையிலும் பிடித்த பூஞ்சணத்தை எடுப்பது எப்படி?

வன்னியில் ஐப்பசியில் பிடிக்கிற மழை மார்கழி வரை விடாது. தை பிறந்து வெயில் எறிக்கும்போது முற்றத்து வாங்கைப் புரட்டிப் பாருங்கள். இருக்கையின் அடியிலும் சட்டங்கள் பொருந்தும் மூலைகளிலும் கறுப்பும் சாம்பலுமாகப் பூஞ்சணம் புள்ளி போட்டிருக்கும். மரம் போய்விட்டது என்று விறகுக்கு ஒதுக்க வேண்டாம். இது பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்பது, ஒரு காலைப் பொழுதில் கழுவிவிடலாம். அடுத்த மாரிக்குத் திரும்ப வராமல் செய்வதுதான் பெரிய வேலை.

பூஞ்சணம்தானா?

செம்மண் சேறு தெறித்துக் காய்ந்தாலும் கறையாகத்தான் நிற்கும். ஒரு கறுப்புப் புள்ளியில் துளி பிளீச் விட்டு ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். வெளுத்தால் பூஞ்சணம், அப்படியே இருந்தால் ஊத்தை. ஆணித் தலையைச் சுற்றி நீலம் கலந்த கறுப்பு வளையம் தெரிந்தால் கதை வேறு. ஈரத்தில் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாக்கிய கறை அது, பிளீச்சுக்கு அசையாது. தேசிக்காய்ச் சாறு விட்டுத் தேய்த்தால் ஓரளவு மங்கும். ஆனால் துருப்பிடித்த ஆணியை மாற்றாவிட்டால் மறுபடி வரும்.

கழுவுதல்

கிணற்றடியை விட்டுத் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைத்துக் கழுவுங்கள். கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். காய்ந்த பூஞ்சணத்தைத் தட்டினால் தூளாகப் பறக்கும் என்பதால் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள். பிறகு சலவைத்தூள் கரைத்த தண்ணீரில் தும்பை நனைத்து, மர ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம். அது கீறிய இடத்தில் தண்ணீர் தங்கும், உடைந்து நிற்கும் கம்பித் துணுக்குகள் பிறகு துருப்பிடித்துப் புதுக் கறை வைக்கும்.

பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு வெள்ளை வினாகிரியைத் தண்ணீர் கலக்காமல் பூசி, ஒரு மணித்தியாலம் விட்டுத் துடையுங்கள். அதற்கும் போகாத இடத்துக்கு மட்டும் பிளீச்: ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர், பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். மரத்தின் நிறத்தையும் அது கொஞ்சம் வெளுக்கும், எனவே அடிப்பக்கத்தில் பரீட்சித்துப் பாருங்கள். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் வீட்டில் கிடக்கிறதே என்று அதைக் கைக்கணக்கில் கரைக்க வேண்டாம், அது பல மடங்கு காரமானது.

ஒன்றை மறக்கக்கூடாது: வினாகிரியும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். வினாகிரி பூசிய இடத்தை நன்றாக அலசிக் காயவிட்ட பிறகுதான் பிளீச்சைத் தொட வேண்டும்.

காயவிடுதல்

இரண்டு மூன்று நாள், நிழலும் காற்றும் உள்ள இடத்தில். உச்சி வெயிலில் போட்டால் பலகை வெடிக்கும். காய்ந்ததும் 120 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரால் மெதுவாக ஒரு தேய், தூசியைத் துடை, சரி.

இனித்தான் முக்கியம்

தேங்காயெண்ணெய் பூசினால் மரம் பளபளக்கும், உண்மைதான். ஆனால் அதுவே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. வெறும் ஆளிவிதை எண்ணெயும் அப்படித்தான். வெளிப் பாவனைக்கு என்றும், பூஞ்சண எதிர்ப்பு மருந்து சேர்த்தது என்றும் டின்னில் போட்டிருக்கும் வார்னிஷையே வாங்குங்கள்.

பூசும்போது கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கால்களின் அடிமுகத்தில் தொடங்குங்கள். நான்கு கால்களிலும் அறுத்த முகம் அங்கேதான் இருக்கிறது. மரத்தின் நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்தபடி நிற்பதால் நிலத்து ஈரம் நேரே மேலே ஏறும். மேலே எவ்வளவு வார்னிஷ் அடித்தாலும் அடிக்கால் வெறுமையாக இருந்தால் பயனில்லை. அந்த முகம் குடிக்கிற மட்டும் பூசி, காயவிட்டு, திரும்பவும் பூசுங்கள். தச்சுவேலைக்குக் கொடுத்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஓட்டுத்துண்டோ பழைய ரயர்த் துண்டோ வையுங்கள்.

தறப்பாள் இல்லாத வீடு எங்கள் பக்கம் இல்லை, அதனால் மழை வந்ததும் அதை எடுத்துக் கதிரையை இறுக்கிச் சுற்றிவிடுகிறோம். உள்ளே வேர்த்து, பூஞ்சணம் இன்னும் வேகமாகப் பிடிக்கும். நான்கு தடி நட்டு, பந்தல் போல உயரக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

வேப்பமரத்தடியில் கிடக்கும் வாங்கில் சருகும் பறவை எச்சமும் சேரும். கிழமைக்கு ஒருக்கால் துடைத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை இல்லை. முதிரை, பாலை, தேக்கு என்றால் பூச்சு மங்கத் தொடங்கும்போது மறுபடி பூசினால் போதும். மாம்பலகைக்கும் பெட்டிப் பலகைக்கும் வருடா வருடம் ஆவணிக்குள், சோழகக் காற்று இருக்கும்போதே பூசி முடித்துவிடுங்கள்.