ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வருகிறீர்களா? மாடிப்படியில் நின்று பேசுங்கள்

முதலில் காகித வேலையை முடித்துவிடுவோம். குடிவந்த 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதைத்தான் அன்மெல்டுங் என்பார்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதமும் வேண்டும். வரி எண் தபாலில் வந்துவிடும். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் உண்டு. இதெல்லாம் தேடினால் கிடைக்கிற தகவல்தான்.

ஊரிலிருந்து வந்ததும் நம் ஆட்களே சொல்லித்தரும் ஒரு அறிவுரை இருக்கிறது. "இந்த ஊர்க்காரங்ககிட்ட வாய் கொடுக்காதீங்க, வந்தோமா, வேலையைப் பார்த்தோமான்னு இருங்க." இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. இதை நம்பி என் நண்பர் ஒருவர் இழந்த பணம் கொஞ்சநஞ்சமல்ல.

திருச்சிப் பக்கத்துக்காரர். பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி. கைக்குழந்தை இருக்கிற வீடு, குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று குளிர்காலம் முழுக்க ஜன்னலைத் திறக்கவே மாட்டார்கள். துணியும் உள்ளேயே காயும், குக்கரும் உள்ளேயே விசிலடிக்கும். கீழ்வீட்டு அம்மா படியில் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தி, சிரிக்காமல், சத்தமாக "ஜன்னல், ஜன்னல்" என்று சொல்லியிருக்கிறார். நண்பர் என்னிடம், "நம்ம தாளிப்பு வாசனை அந்தம்மாவுக்கு ஆகலைங்க, அதைத்தான் குத்திக் காட்டுது" என்றார். அப்புறம் அந்த அம்மாவின் காலடிச் சத்தம் ஓய்ந்தபிறகுதான் கதவையே திறப்பார்.

வீடு காலி செய்யும் நாளன்று அலமாரியை நகர்த்தினால், வெளிச்சுவரில் தரையிலிருந்து இடுப்பளவுக்குக் கரும்பூஞ்சை. வீட்டுக்காரர் நீட்டிய ஒப்படைப்புப் படிவத்தில் "வாடகைதாரர் காற்றோட்டம் விடாததால்" என்று எழுதியிருந்தது. நண்பர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். முன்பணமாகக் கொடுத்திருந்தது 3 மாத அடிப்படை வாடகை. சட்டப்படி அதற்கு மேல் வாங்க முடியாது. அதில் பெரும்பகுதி போய்விட்டது.

பெட்டிகளை இறக்கும்போது கீழ்வீட்டு அம்மா வந்து நின்றார். நானும் கூட இருந்ததால் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். முன்பு அங்கே இருந்த குடும்பத்துக்கும் அதே சுவரில்தான் பூஞ்சை வந்ததாம். அதனால்தான் தினமும் ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். கோளாறு சுவரிலேயே இருக்கலாம் என்று வாதாட நண்பருக்கு இருந்த ஒரே சாட்சி, அவர் அவ்வளவு நாள் ஒதுங்கி ஒதுங்கிப் போன அந்த அம்மாதான். கையெழுத்துப் போட்டபிறகு தெரிந்து என்ன செய்ய?

அந்த அம்மா அன்று படியிலேயே நின்று விளக்கியதைச் சொல்கிறேன். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளியே துளிர்ப்பது மாதிரிதான், வீட்டுக்குள் இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்த வெளிச்சுவரில் படிகிறது. காலையும் மாலையும், சமைத்தபிறகும் குளித்தபிறகும், ஹீட்டரைக் குறைத்துவிட்டு ஜன்னலை முழுசாக 5 முதல் 10 நிமிடம் திறக்க வேண்டும். ஜன்னலின் மேற்பக்கத்தை மட்டும் நாள் முழுக்கச் சாய்த்து வைப்பதால் சுவர்தான் குளிர்கிறது. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளிப் போட வேண்டும். பூஞ்சை தெரிந்தால் அன்றைக்கே படமெடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இங்கே ஒருவர் முகத்துக்கு நேரே குறை சொன்னால் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் பொருட்படுத்துவதால்தான் சொல்கிறார். நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்து வீட்டுக்காரரின் கடிதம்தான் வரும். நின்று "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். ஞாயிறு அன்று துளைக்கும் இயந்திரம் ஓட்டக்கூடாது என்பதும், அன்று காலி பாட்டிலைக் கண்ணாடி சேகரிக்கும் தொட்டியில் போடக்கூடாது என்பதும் எனக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் தெரியும். ஞாயிறு ஓய்வு 1919 அரசியலமைப்பிலேயே இருந்து, 1949 அடிப்படைச் சட்டத்துக்கும் வந்தது என்று அவ்வளவு பெருமையோடு சொன்னார். கதவில் 'கேர்வோக்கெ' அட்டை தொங்கினால் அந்த வாரம் படிக்கட்டு பெருக்குவது உங்கள் முறை. பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள், அது அபசகுனம். நம் வீட்டுப் பாட்டிகள் கேட்டால் உடனே ஒத்துக்கொள்வார்கள்.

அவர்களும் நம்மைக் கேட்பார்கள். பொங்கலன்று வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெரியவர் அரிசி மாவு எதற்கு என்றார். எறும்பும் தின்னட்டும் என்றுதான் என்றேன். அடுத்த கோடையில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு எங்களோடு வந்தார். ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்கு கண்ட கோயில் அது. அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல எனக்கு ஊர்த் திருவிழா ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது.

மொழி வரவில்லை என்று தயங்க வேண்டாம். ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்வி நிலையங்களில் மாலை வகுப்புகள் உண்டு. அரைகுறை ஜெர்மனோடு பேசினாலே போதும். குடிவந்த வாரத்திலேயே மேலும் கீழும் மணியடித்துப் பெயரைச் சொல்லிவிடுங்கள். வீடு ஒப்படைக்கும் நாளில் படிவத்தை உடனே கையெழுத்திடாமல், புரியாத வரியைப் பக்கத்து வீட்டாரிடம் காட்டிக் கேளுங்கள். முடிந்தால் அவரையே கூட நிற்கச் சொல்லுங்கள், பழகியவர் என்றால் மறுக்க மாட்டார்.