டியூட்டி முடிந்ததும் இரண்டே கேள்வி

தொற்று வார்டில் வேலை பார்ப்பவரா? உங்களைப் போலவே வேலையும் அனுபவமும் உள்ள ஒருவரை ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். பிபிஇ கிட்டைக் கழற்றியதும், மூக்கில் மாஸ்க் பதிந்த தடம் மறைவதற்குள் ஒருவரையொருவர் கேளுங்கள்: "இன்னைக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு? எது நல்லபடியா முடிஞ்சுது?" ஐந்து நிமிடம் போதும். போனிலும் பேசலாம்.

வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள். ஜோடிக்கோ வென்டிலேட்டர் அலாரம் என்ன என்பதிலிருந்து விளக்க வேண்டியதில்லை. தினமும் பேசுவதால் உங்கள் குரல் மாறினால் முதலில் கண்டுபிடிப்பவரும் அவர்தான். 2020இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், ராணுவ வழக்கத்தைப் பின்பற்றி மருத்துவப் பணியாளர்களை இப்படி ஜோடி சேர்த்தார்கள். ஜோடி பேசும்போது பதிலுக்கு அறிவுரை சொல்ல வேண்டாம், காதுகொடுத்துக் கேட்டாலே போதும்.

மேலதிகாரியை ஜோடியாக்காதீர்கள். லீவு கேட்கிற இடத்தில் மனம் திறக்காது. ஆள் பற்றாக்குறை, சம்பள பாக்கி போன்றவற்றுக்கும் இது மருந்தல்ல. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை அல்லது வாழவே பிடிக்கவில்லை என்றால் ஜோடியோடு நிறுத்தாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.