ஜோஹானஸ்பர்க்: காந்தி இருந்த சிறை முதல் வள்ளியம்மை கல்லறை வரை பாதுகாப்பாகச் சென்றுவர

ஜோஹானஸ்பர்க் போகிறேன் என்றால் விமான நிலையத்தைத் தாண்டாதே என்றுதான் அறிவுரை வரும். வழிப்பறி அங்கே உண்மையாகவே அதிகம். ஆனால் அங்கே பார்க்க வேண்டிய இடங்களுக்குள் காவல் நன்றாகவே இருக்கிறது. ஆபத்து ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவில்தான். அந்த நடுவெளியைக் கடக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். விசா, விமான டிக்கெட் உங்கள் பொறுப்பு.

முதல் படி: தங்குமிடம்

பலரும் சாண்டனைச் சொல்வார்கள். என் தேர்வு ரோஸ்பேங்க். விமான நிலையத்திலிருந்து கௌட்ரெய்ன் ரயிலில் சாண்டன் வந்து, அங்கே ரயில் மாறினால் அடுத்த நிலையம். நகர மையத்துக்கும் இதுவே பக்கம். சிவப்பு நிறச் சுற்றுலா பஸ்ஸும் இங்கிருந்து புறப்படுகிறது. சிம் கார்டை விமான நிலையத்திலேயே வாங்குங்கள். பாஸ்போர்ட்டோடு தங்குமிட முகவரியையும் கேட்பார்கள். முன்பதிவுத் தாளைக் கையில் வைத்திருங்கள்.

இரண்டாம் படி: திசைவாரியாகப் பிரியுங்கள்

ஒரு நாள் கான்ஸ்டிடியூஷன் ஹில்லுக்கு. பழைய கோட்டைச் சிறை, 'நம்பர் ஃபோர்' என்ற கறுப்பர் சிறை, பெண்கள் சிறை மூன்றும் ஒரே வளாகத்தில். 1908-இல் காந்தியையும், 1962-இல் மண்டேலாவையும் இங்கே அடைத்திருந்தார்கள். இடிக்கப்பட்ட சிறைப் பகுதியின் செங்கற்களைக் கொண்டே அரசியலமைப்பு நீதிமன்றத்தின் உட்சுவரைக் கட்டியிருக்கிறார்கள். வழிகாட்டியோடு சுற்றும் டிக்கெட்டையே எடுங்கள். அரை நாளாவது வேண்டும்.

இன்னொரு நாள் தெற்கே: அபார்தைடு (நிறவெறி ஆட்சி) அருங்காட்சியகம், பிறகு கறுப்பர் குடியிருப்பான சொவேட்டோ. அருங்காட்சியகத்தில் 'வெள்ளையர்', 'வெள்ளையர் அல்லாதோர்' என்று இரண்டு நுழைவாயில்கள். உங்கள் டிக்கெட்டில் எது வந்திருக்கிறதோ அதன் வழியாகத்தான் போக வேண்டும். குடும்பமே பிரிந்து நிற்க நேரலாம். சொவேட்டோவில் விலகாசித் தெருவில் மண்டேலாவின் வீடு, சற்றுத் தள்ளி ஹெக்டர் பீட்டர்சன் அருங்காட்சியகம். 1976 ஜூன் 16 அன்று வெள்ளையர் ஆட்சியின் மொழியான ஆஃப்ரிகான்ஸைப் பள்ளியில் திணித்ததை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. அதில் இறந்த சிறுவன்தான் ஹெக்டர் பீட்டர்சன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களால் அங்கே வெறும் பார்வையாளராக நிற்க முடியாது.

மூன்றாம் படி: திரும்பும் வண்டி

எனக்குச் சிக்கல் வந்தது இங்கேதான். போகும்போது செயலி டாக்சி வாசலிலேயே இறக்கிவிடும். திரும்பும்போது அழைத்தால், 'கொஞ்சம் தள்ளி வந்து நில்லுங்கள்' என்று ஓட்டுநரிடமிருந்து செய்தி வரும். மினிபஸ் டாக்சிக்காரர்களுக்கும் செயலி ஓட்டுநர்களுக்கும் பல ஆண்டுகளாகத் தகராறு. சில ரயில் நிலையங்கள், வணிக வளாகங்களின் வாசலில் வண்டியை நிறுத்தவே செயலி ஓட்டுநர்கள் அஞ்சுகிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் கையில் கைப்பேசியோடு நீங்கள் தெருவில் நடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் திருடனுக்கு வாய்ப்பு.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வளாகத்துக்குள் காவலர் கண்ணில் படும் இடத்தில் இருந்தபடியே வண்டியை அழையுங்கள். எங்கே ஏறலாம் என்று அந்தக் காவலரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியும். தள்ளி வரச் சொன்னால் அந்தப் பயணத்தை ரத்துசெய்துவிட்டு வேறு வண்டி பாருங்கள். ரத்துக் கட்டணம் போனால் போகட்டும். நம்பர் பிளேட்டைச் சரிபார்த்த பிறகே வெளியே வாருங்கள். ஏறியதும் பையைக் காலடியில் வையுங்கள். சிக்னலில் கண்ணாடியை உடைத்துப் பையைப் பறிப்பது அங்கே வழக்கமான திருட்டு.

சொவேட்டோவுக்கு மட்டும் செயலி டாக்சியே வேண்டாம் என்பேன். பதிவுபெற்ற வழிகாட்டி ஒருவரை வண்டியோடு நாள் முழுவதும் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அரசு அடையாள அட்டை உண்டு, கேட்டுப் பாருங்கள். செலவு கூடும்தான், ஆனால் தெருவின் கதையை அந்தத் தெருக்காரர் வாயால் கேட்கலாம்.

நான்காம் படி: பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டம்

பயண நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. தமிழர் யாரும் விடக் கூடாது. தில்லையாடி வள்ளியம்மை இங்கேதான் உறங்குகிறார். ஜோஹானஸ்பர்க்கிலேயே பிறந்தவர், 1913 சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். 1909-இல் சிறைக் கொடுமையால் உயிரிழந்த சாமி நாகப்பனின் கல்லறையும் இங்கேதான். இருவருக்குமான நினைவுக்கற்களை 1914 ஜூலையில் காந்தியே திறந்துவைத்தார்.

தோட்டம் மிகப் பெரியது, மரங்கள் அடர்ந்தது, ஆள் நடமாட்டம் குறைவு. தனியாகப் போகவே போகாதீர்கள். கான்ஸ்டிடியூஷன் ஹில் பார்க்கும் நாளில், வழிகாட்டியோடு, முற்பகலில் போவதே சரி. வண்டி காத்திருக்கட்டும். கல்லறை இருக்கும் இடத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். உள்ளே போய்த் தேடினால் நேரம் ஓடிவிடும்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டவை. பணம் எடுக்க வங்கிக்குள்ளோ வணிக வளாகத்துக்குள்ளோ இருக்கும் ஏடிஎம் மட்டுமே பயன்படுத்துங்கள். உதவ வருபவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அட்டையை மாற்றிவிடுவார்கள். நகர மைய ரயில் நிலையமான பார்க் ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டிடியூஷன் ஹில்லுக்கு வரைபடத்தில் தூரம் குறைவுதான், இருந்தாலும் நடக்க வேண்டாம். கைப்பேசியில் இருந்து அவசர எண் 112, போலீஸுக்கு 10111. இரண்டையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்; முதலில் பறிபோவது கைப்பேசிதான்.