பழைய வேன் ஏசி: கேஸ் ஏற்றும் முன் கவனிக்க வேண்டியவை

குவாலிஸ், டவேரா, பழைய இன்னோவா வைத்திருப்பவர்கள் சித்திரை பிறந்ததும் செய்யும் முதல் தவறு, காரணம் பார்க்காமல் கேஸ் ஏற்றுவது. ஏசி கேஸ் டீசல் மாதிரி எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வரும். சட்டென்று குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் ஏற்றினால் போட்ட பணம் காற்றோடு போகும். கேஸோடு ஆயிலும் வெளியேறுவதால் கடைசியில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் ஜாம் ஆகும்.

மெக்கானிக் கேஸின் அழுத்தம் பார்க்க கேஜ் மாட்டும்போது பக்கத்தில் நின்று லோ (கம்ப்ரஸருக்குள் போகும் பக்கம்), ஹை (கம்ப்ரஸரிலிருந்து வெளியே வரும் பக்கம்) என இரண்டு முள்ளையும் பாருங்கள். இரண்டும் இறங்கியிருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால், ரேடியேட்டர் மாதிரி முன்பக்கம் இருக்கும் கண்டன்சரில் சூடு வெளியேறவில்லை, அல்லது கேஸ் அளவுக்கு மீறிவிட்டது. லோ பக்கம் ஏறி, ஹை பக்கம் இறங்கியிருந்தால் பெரும்பாலும் கம்ப்ரஸர் தளர்ந்திருக்கும்; எவ்வளவு கேஸ் விட்டாலும் குளிராது.

கசிவுள்ள ஜாயிண்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி கருப்பாக அப்பியிருக்கும். பின் ஏசி உள்ள வண்டிகளில் தரைக்கு அடியில் ஓடும் குழாயை மறக்கவே கூடாது. கல்லும் சேறும் அடித்து அங்கேதான் அரிக்கும். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாயிண்டில் உள்ள ரப்பர் ஓ-ரிங் மாற்றி, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச குறைந்தது 30 நிமிடம் வேக்கம் போட்டபின், பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏற்ற வேண்டும். "ஜில்லுன்னு வர்ற வரைக்கும் விடுங்கண்ணே" என்று சொல்லாதீர்கள்.

நான்குவழிச் சாலையில் குளிர்ந்து, மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நின்றதும் சூடாக வந்தால் முதல் சந்தேகம் ஃபேன் மேல் வரட்டும். கண்டன்சர் ஃபேன் சுற்றுகிறதா, எஞ்சின் ஃபேனை எஞ்சினோடு இணைத்துச் சுற்றவைக்கும் விஸ்கஸ் கப்ளிங் தளர்ந்துவிட்டதா என்று பாருங்கள். வாட்டர் சர்வீஸில் கன்னை நெருக்கிப் பிடித்துக் கண்டன்சரைக் கழுவினால் அதன் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கிக் காற்றுப் பாதை அடைபடும். சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும்.

புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால் ஸ்பீடைக் கூட்டிக் குறைக்க உதவும் ரெசிஸ்டர்தான் போயிருக்கும். மோட்டாரை மாற்ற வேண்டாம்.

எஞ்சின் சூடானால், ரேடியேட்டர் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கம் ஊறிப்போன பழக்கம். பல எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் பைபாஸ் வழி திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சந்தேகம் இருந்தால் பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கிப் போட்டுப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது மாட்டுங்கள். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து குழாய் அடைக்கும். கான்சென்ட்ரேட் கூலண்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரையும் புளோயரையும் முழுதாக வையுங்கள். ஹீட்டர் கோர் இன்னொரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்யும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. கொடைக்கானல் பனியில் கண்ணாடி மங்கினால் உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷனை எடுத்துவிட்டு ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி ஈரத்தை இழுக்கும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும்.

முன்சீட்டின் காலடி நனைந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். மணமில்லாத தெளிந்த தண்ணீர் என்றால் ஏசி டிரெய்ன் பைப் அடைப்பு. மெல்லிய கம்பி விட்டால் சரியாகும். நிறத்தோடு பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் கோர் கசிகிறது. அதை மாற்றும்வரை தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, கூலண்ட் அளவைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.