அமெரிக்க மருத்துவ பில்லும் புது பேட்ச் பிள்ளைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு வரவேண்டிய கிளைம் பணத்துக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகளை போனில் துரத்தும் எங்கள் ஏஆர் காலிங் வேலைக்கு ஒரு புது பேட்ச் வந்திருக்கிறது. நாங்கள் சேர்ந்த புதிதில் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். பிறந்த தேதியை மாற்றி அடிப்பது, மெம்பர் ஐடியில் ஓர் எண்ணை விழுங்குவது எல்லாம் சாஃப்ட்வேரே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிஓ-45 தொகையை நோயாளி தலையில் கட்டுவது

இதற்காக நான் கத்தாத மாதமே இல்லை.

ஒரு ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரி போட்ட பில் 1,200 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசி முடித்த விலை 400தான். நோயாளி அந்த வருட டிடக்டிபிளை, அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் தன் கையிலிருந்து கட்டவேண்டிய தொகையை, கட்டி முடித்தவர். அவர் பங்கு 20 சதவீதம். கம்பெனி 320 கொடுக்கும், அவர் 80 கட்டவேண்டும். மீதி 800 டாலர், இஓபியில் (எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கம்பெனி அனுப்பும் விளக்கத் தாள்) சிஓ-45 என்று வரும். ஒப்பந்தப்படி ஆஸ்பத்திரி ரைட் ஆஃப், அதாவது தள்ளுபடி, செய்யவேண்டிய காசு அது. பிஆர் என்று தொடங்கும் வரிகள் மட்டுமே நோயாளிக்குரியவை.

போன பேட்சில் ஒரு பையன் இப்படி ஒரு கிளைமில் தள்ளுபடித் தொகையையும் சேர்த்து நோயாளிக்கு ஸ்டேட்மென்ட் அனுப்பிவிட்டான். "அக்கா, இன்சூரன்ஸ்காரன் கால்வாசிதான் குடுத்திருக்கான், மிச்சத்தை யார்கிட்ட கேக்குறது?" என்று என்னிடமே வாதம் வேறு. அந்த நோயாளி பதறிப்போய் கிரெடிட் கார்டில் மொத்தத்தையும் கட்டிவிட்டார். கட்டாமல் விட்டிருந்தால், படாத கடனுக்கு வசூல் ஏஜென்சி அவரைத் துரத்தியிருக்கும்.

அந்த 1,200 ஆஸ்பத்திரியின் விலைப்பட்டியலில் இருக்கும் எண். கம்பெனிகள் பேரம் பேசும் என்று தெரிந்தே ஏற்றி எழுதுவது. முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் பேரமெல்லாம் பேசாது, தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும். ஆக, ஒரே மெஷினில் எடுக்கும் ஒரே ஸ்கேனுக்கு ஆளுக்கொரு விலை. இன்சூரன்ஸ் இல்லாதவருக்குத்தான் பட்டியல் விலை அப்படியே வந்து விழக்கூடும். லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகள், உதவித் திட்டத்துக்குத் தகுதியானவர்களிடம் அப்படி வாங்கக் கூடாது என்று ஒபாமாகேர் எனப்படும் 2010 சட்டம் தடுத்தது. பேசி முடித்த விலைகளையும் வெளியிட வேண்டும் என்பது 2021 முதல் விதி. வெளியிடுகிறார்கள்; அந்தக் கோப்பைத் திறந்து தன் ஸ்கேன் விலையைக் கண்டுபிடிக்க நோயாளிக்கு நம் வேலை தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று. 2023இல் அமெரிக்காவின் மருத்துவச் செலவு 4.9 லட்சம் கோடி டாலர், ஜிடிபியில் 17.6 சதவீதம். "பில்லை ஏத்திப் போட்டா அவ்ளோ வரத்தானே செய்யும்" என்கிறார்கள் பிள்ளைகள். வராது. உண்மையில் கைமாறிய பணத்தின் கணக்கு அது, சிஓ-45 அதில் சேராது. பொருளாதார அறிஞர் உவே ரெய்ன்ஹார்டும் சகாக்களும் 2003லேயே பிற பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள்: அமெரிக்கர்கள் அதிகமாக வைத்தியம் பார்த்துக்கொள்வதால் வந்த செலவில்லை, விலை அதிகம். பேரம் பேசி இறங்கிய பிறகும் அந்த விலை.

டைம்லி ஃபைலிங்

கிளைமை அனுப்பக் கெடு உண்டு. மெடிகேருக்கு சிகிச்சை நாளிலிருந்து ஒரு வருடம். தனியாரில் சிலருக்கு 90 நாள்தான். காலண்டரைப் பாருங்கள்.

மெடிக்கெய்டுக்கு முதலில் அனுப்புவது

மெடிக்கெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ். நோயாளிக்கு வேறு இன்சூரன்ஸ் இருந்தால் கிளைம் முதலில் அங்கே போகவேண்டும், மெடிக்கெய்ட் எப்போதும் கடைசி.

நோ சர்ப்ரைசஸ் சட்டத்தை எல்லாவற்றுக்கும் இழுப்பது

2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. எமர்ஜென்சியில் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள, அதாவது நோயாளியின் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் இல்லாத, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பேலன்ஸ் பில்லிங் செய்யக் கூடாது; இன்சூரன்ஸ் கொடுக்காத மிச்சத்தை நோயாளியிடம் கேட்பதுதான் அது. நல்ல சட்டம். ஆனால் ஆம்புலன்ஸ் பில்லோடு கூப்பிடும் நோயாளியிடம் இதைச் சொல்லிச் சமாதானப்படுத்தாதீர்கள். ஹெலிகாப்டரில் கொண்டுபோனால் இந்தச் சட்டம் காக்கும், சாலையில் கொண்டுபோனால் காக்காது. சில மாநிலங்கள் சாலை ஆம்புலன்ஸுக்குத் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. எந்த மாநிலம் என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.