நியூயார்க் காவலர் மீதான புகார்களையும் வழக்குகளையும் தேடிப் படிப்பது எப்படி?

நியூயார்க் மாநிலத்தில் 1976 முதல் நடைமுறையில் இருந்த 50-ஏ என்ற சட்டப்பிரிவு, காவலர்களின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளைப் பொதுமக்கள் கண்ணில் படாமல் பூட்டி வைத்திருந்தது. 2014இல் எரிக் கார்னர் காவலரின் கழுத்துப்பிடியில் சிக்கி இறந்த பிறகு, அந்தக் காவலர் மீது முன்பே புகார் இருந்ததா என்று கேட்டவர்களுக்கும் இந்தப் பிரிவைக் காட்டியே பதில் மறுக்கப்பட்டது. மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவர் காவலரால் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த போராட்டங்களால் 2020 ஜூனில் அது நீக்கப்பட்டது.

நியூயார்க் நகரக் காவலர் ஒருவரைத் தேடும்போது முதலில் ஆளை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். சட்டையில் தெரியும் பேட்ஜ் எண்ணோ பதவி உயர்வின்போது மாறிவிடும். பணிக்காலம் முழுவதும் மாறாதது ‘டாக்ஸ் எண்’ எனப்படும் ஆறிலக்க எண்தான். அதைத் தனியே குறித்து வையுங்கள்.

அடுத்து, காவல்துறைக்கு வெளியே 1993 முதல் இயங்கும் குடிமக்கள் புகார் ஆய்வு வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். பலப்பிரயோகம், அதிகார மீறல், மரியாதைக் குறைவு, இழிசொல் ஆகிய வகைகளில் வந்த புகார்கள் வரிவரியாகத் தெரியும். முடிவுப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ‘தீர்மானிக்க இயலவில்லை’ (முன்பு ‘நிரூபிக்கப்படவில்லை’) என்றால் புகார் பொய் என்று பொருளல்ல. நடந்ததா இல்லையா என்று தீர்மானிக்கச் சான்று போதவில்லை என்பதே பொருள். சம்பவமே நடக்கவில்லை என்பதற்கும், நடந்தது விதிகளுக்கு உட்பட்டதே என்பதற்கும் வேறு வேறு சொற்கள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொண்டால் காவலருக்கோ புகார் கொடுத்தவருக்கோ அநீதி செய்தவர்களாவோம். நிரூபணமான புகாரில்கூட வாரியம் பரிந்துரைக்கத்தான் முடியும். தண்டனையை முடிவு செய்பவர் காவல்துறை ஆணையர். ஆகவே பரிந்துரைத்ததையும் இறுதியில் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வழக்குகளுக்கு, நகரச் சட்டத்துறை ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் பட்டியலில் டாக்ஸ் எண்ணைக் கொண்டு தேடுங்கள். ஆனால் வழக்குத் தொடரும் முன்பே முடித்துக்கொண்டவை அதில் வராது. கார்னர் குடும்பத்துக்கு 2015இல் 59 லட்சம் டாலர் கொடுக்க நகரம் ஒப்புக்கொண்டதும் அப்படித்தான். அத்தகைய தொகைகளுக்கு நகரக் கணக்காயரின் அறிக்கைகளையும் பார்க்க வேண்டும்.

வழக்கு எண் கிடைத்ததும் மூல ஆவணத்துக்குச் செல்லுங்கள். கூட்டாட்சி நீதிமன்ற ஆவணங்கள் ‘பேசர்’ தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட். மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. மனுவில் இருப்பது ஒரு தரப்பின் கூற்று மட்டுமே என்பதையும், சமரசத் தொகை குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கும் கிடைக்காத ஆவணத்தை மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். ஐந்து வேலை நாட்களுக்குள் குறைந்தது ஒப்புகையாவது வர வேண்டும். மறுத்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.