அப்பா அம்மாவைப் பிரேசிலுக்கு அழைப்பவர்களுக்கு: விசாவோடு மஞ்சள் அட்டையும்

சாவோ பாலோவுக்கு வேலையாக வந்து, வீடு பிடித்து, சமையலறையில் குக்கர் விசில் கேட்க ஆரம்பித்ததும் நம்மவர்கள் செய்கிற அடுத்த காரியம் ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைப்பதுதான். "ஒரு இரண்டு மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லிவிட்டு டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிடுவோம். புதிதாக வந்த குடும்பங்கள் அடிக்கடி இதைப் பற்றிக் கேட்பதால், விசாவையும், மஞ்சள் அட்டை என்கிற மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழையும் பற்றிப் போனில் ஆளாளுக்குச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் உங்கள் காகிதத்தைச் சரி செய்யுங்கள். வேலை விசாவில் வந்தவர்கள் 90 நாளுக்குள் பெடரல் போலீஸ் அலுவலகத்தில் பதிவு செய்து, வெளிநாட்டவருக்கான அடையாள அட்டையான ஆர்.என்.எம். அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சி.பி.எஃப். என்கிற வரி எண் இல்லாமல் இங்கே சிம் கார்டு வாங்குவதுகூடப் பெரும்பாடு. இவை கையில் இருந்தால்தான் பெற்றோருக்கு நீங்கள் எழுதும் அழைப்புக் கடிதத்துக்கு மதிப்பு. நான் எழுதிய கடிதத்தைப் பக்கத்துக் கர்தோரியோவில் (நம் ஊர் நோட்டரி அலுவலகம் மாதிரி) கொடுத்து, கையெழுத்து என்னுடையதுதான் என்று முத்திரை வாங்கி அனுப்பினேன்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பிரேசில் சுற்றுலா விசா கட்டாயம். தில்லியில் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பி, போட்டோ, வங்கிக் கணக்கு விவரம், போக வர டிக்கெட், தங்கும் இடம் என்று வழக்கமான காகிதங்களை வைக்க வேண்டும். நம் ஊரில் எந்த நாட்டு விசா எடுத்தவர்களுக்கும் இது புதிதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இனிஷியலை விரித்து எழுதியது, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டது, அந்த இடத்தைக் காலியாக விட்டது என்று நம் பாஸ்போர்ட்டுகள் பல விதம். உங்கள் பெற்றோரின் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே டிக்கெட்டிலும் கடிதத்திலும் வர வேண்டும்.

வந்து இறங்கினால் பொதுவாக 90 நாள். கெடு முடிவதற்கு முன்பே பெடரல் போலீஸில் கேட்டால் நீட்டிப்பு கிடைக்கும். 12 மாதத்தில் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரியாய்ஸ், அதிகபட்சம் 10,000 வரை அபராதம். விசா விஷயம் இவ்வளவுதான்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களிடம் பிரேசில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் பிரேசிலிலிருந்து திரும்புகிறவர்களிடம் இந்தியா கேட்கிறது. பத்து நாள் சுற்றிப் பார்க்க வந்தவரானாலும், இந்தியக் குடிமகனே ஆனாலும் விலக்கு கிடையாது. அட்டை இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

காம்பினாஸில் இருக்கும் என் நண்பரின் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டிடம் அவர்கள் தெளிவாகவே கேட்டிருக்கிறார்கள்: "ஏதாவது ஊசி போட வேண்டுமா?" "பிரேசிலுக்கு எதுவும் தேவையில்லை, தைரியமாகப் போங்கள்" என்று பதில். போவதற்கு வேண்டியதைச் சொன்னவர், திரும்பி வருவதற்கு வேண்டியதைச் சொல்லவில்லை. வருடம் முழுக்க வெளிநாட்டு டிக்கெட் விற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? வயதானவர்கள் கேட்கும்போது ஒரு நிமிடம் செலவழித்துப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அவர்கள் இங்கே சந்தோஷமாக இருந்தார்கள். வாரச் சந்தையில் மரவள்ளிக்கிழங்கும் வெண்டைக்காயும் பார்த்த அம்மா, "நம்ம ஊர் சந்தை மாதிரியே இருக்கே" என்று பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். இகுவாசு அருவிக்கும் போய் வந்தார்கள். (அருவியின் அர்ஜென்டினா பக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அந்த நாட்டு அனுமதியைத் தனியாகப் பாருங்கள், பிரேசில் விசா அங்கே செல்லாது.) மகளின் வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னதாகச் சென்னையில் போய் இறங்கினார்கள். குடியேற்ற வரிசைக்கு முன்பே சுகாதார அதிகாரிகள் மஞ்சள் அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் இருவரையும் தனியாக அழைத்துப் போய்விட்டார்கள். பிரேசிலை விட்டுப் புறப்பட்டதிலிருந்துதான் கணக்கு என்பதால் பயண நேரம் கழிந்தது. மிச்ச நாட்களை அங்கேதான் கழித்தார்கள். அப்பாவின் சர்க்கரை மாத்திரை பெரிய பெட்டிக்குள். இந்தியாவுக்கும் நமக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். நண்பர் ராத்திரியெல்லாம் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். முதல் பேத்தி பிறக்கப் போகிற வீட்டில், தாயும் தகப்பனும் இல்லாமல் வளையல் அடுக்கினார்கள். அந்த அம்மா இன்னும் அதைச் சொல்லி அழுகிறார்.

விதியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பக்கூடிய ஏடிஸ் எஜிப்டி கொசுதான் நம் ஊரில் டெங்குவையும் பரப்புகிறது. கொசு ஏராளம், மக்களுக்கு இந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது, நோய் மட்டும்தான் இன்னும் உள்ளே வரவில்லை. ஒருவர் கொண்டுவந்தால் போதும். சாவோ பாலோவிலேயே 2017 அக்டோபரில் மஞ்சள் காய்ச்சலால் குரங்கு ஒன்று செத்துக் கிடந்ததைப் பார்த்து ஓர்தோ புளோரெஸ்தால் பூங்காவை மூடி, சுற்று வட்டாரத்துக்கெல்லாம் ஊசி போட்டார்கள். நகரத்தின் ஓரத்துக்கே வந்த நோய் இது.

அதனால் விசாவுக்குக் கொடுக்கும்போதே ஊசிக்கும் நாள் குறியுங்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இது கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், ராஜாஜி சாலையில் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஊசி போடும் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போகச் சொல்லுங்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். கையெழுத்து, முத்திரை, பாஸ்போர்ட் எண் மூன்றையும் அங்கேயே சரிபார்த்து வாங்க வேண்டும்.

இதில் வயது விஷயம் முக்கியம். இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆன ஊசி. 60 வயதைத் தாண்டி முதன்முறையாகப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் போடக் கூடாது. முதலில் குடும்ப டாக்டரிடம் பேசுங்கள். போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தை ஏற்பது விமான நிலைய அதிகாரியின் முடிவு என்பதால், இன்னொரு வழியும் யோசித்து வையுங்கள். ஆபத்துப் பகுதியை விட்டுப் புறப்பட்டு 6 நாள் தாண்டிவிட்டால் இந்தியா அட்டை கேட்பதில்லை. லண்டனில் சித்தப்பா, பெரியம்மா என்று யாராவது இருந்தால், அந்த நாட்டு விசாவும் எடுத்து, ஒரு வாரத்துக்கு மேல் அங்கே தங்கிவிட்டுப் போகட்டும்.

டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது என்று அடிஸ் அபாபா வழியாகப் போட்டால், எத்தியோப்பியாவும் இந்தியா அட்டை கேட்கும் நாடுகளின் பட்டியலில் உள்ளதுதான். அப்போது 6 நாள் கணக்கு அங்கிருந்து மறுபடி தொடங்கும். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், சுகாதார அதிகாரி சம்மதிக்க வேண்டும். அமெரிக்கா வழியாகப் போட்டாலோ விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். வீடு திரும்புவது கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்றாலும் அட்டை தேவை. சிலி, உருகுவே இரண்டும் இந்தியாவின் பட்டியலில் இல்லை; பெரு, பொலிவியா, கொலம்பியா, அர்ஜென்டினா எல்லாம் உண்டு.

இங்கே குடியிருக்கும் நமக்கும் இதே விதிதான். ஊருக்குப் போகுமுன் பக்கத்து அரசு சுகாதார மையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அங்கே தருவது உள்ளூர்த் தடுப்பூசி அட்டை. அதை வைத்து, பிரேசில் அரசின் சுகாதாரக் கண்காணிப்பு அமைப்பான அன்விசாவின் சர்வதேசச் சான்றிதழை ஆன்லைனில் வாங்கினால்தான் சென்னையில் செல்லும். 2018 வாக்கில் இங்கே ஊசி போட்டவர்கள் அட்டையை ஒருமுறை பாருங்கள். தட்டுப்பாட்டால் அப்போது பலருக்கும் ஐந்தில் ஒரு பங்கு அளவே போட்டார்கள். அதற்குச் சர்வதேசச் சான்றிதழ் கிடையாது. முழு அளவு ஊசி வேண்டும். 9 மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்தியா சான்றிதழ் கேட்பதில்லை.

அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், மாத்திரைகளையும்தான். அப்பா எப்போதோ ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர், பழைய அட்டை இருக்கிறது என்றால் தேடி எடுங்கள். 10 ஆண்டுக் கெடு 2016 ஜூலையில் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய அட்டையில் கெடு தேதி எழுதியிருந்தாலும் அது ஆயுள் முழுக்கச் செல்லும், மறுபடி ஊசி தேவையில்லை.